ஒரு செவ்வியல் நாவலைப் பற்றிக் கருப்பொருள் கட்டுரை எழுதுவது எப்படி?

“ஃபிராங்கன்ஸ்டைன் நாவலின் கருப்பொருள் தனிமை.” இப்படித் தொடங்கும் மாணவர் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். வாக்கியத்தில் பிழை ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. தனிமை என்று சொல்லியாயிற்று, இனி என்ன எழுதுவது? வேறு வழி தெரியாமல் கதையைச் சொல்லத் தொடங்குகிறார்கள். விக்டர் படிக்கப் போனான், உடல் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உயிரை உண்டாக்கினான், பயந்து ஓடினான் என்று நான்கு பக்கம் போகிறது. கடைசியில் “இவ்வாறு தனிமையின் கொடுமையை ஆசிரியர் சிறப்பாகச் சித்திரித்துள்ளார்” என்று ஒரு வரி. உழைத்து எழுதியிருப்பார்கள். மதிப்பெண் பாதிதான் வரும்.

சிக்கல் அவர்களுடைய அறிவில் இல்லை. கருப்பொருள் என்றால் ஒரு சொல் என்று நினைத்துக்கொள்வதில் இருக்கிறது. தனிமை, அன்பு, பேராசை, விதி எல்லாம் தலைப்புகள். அந்தத் தலைப்பைப் பற்றி இந்த நாவல் என்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்பதுதான் கட்டுரை. அந்த இடத்துக்குப் போகும் வழியை ஒரே நாவலை வைத்து முழுக்க நடந்து காட்டுகிறேன். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வேறு நாவல் கொடுத்திருந்தாலும் செய்யவேண்டிய வேலை இதுதான்.

தொடங்கும் முன் தொல்காப்பியத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். இன்று ‘கருப்பொருள்’ என்பதை மையக்கருத்து என்ற பொருளில் புழங்குகிறோம். அகத்திணை இலக்கணத்தில் அது வேறு. அங்கே முதல், கரு, உரி என்று மூன்று இருக்கின்றன. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை கருப்பொருள். பிரிதல், இருத்தல், ஊடல், இரங்கல் போன்றவை உரிப்பொருள். அப்படிப் பார்த்தால் நாம் தேடுவது உரிப்பொருளை. ஆனால் அதற்குப் போகும் பாதை பறவை, மரம், பறை வழியாகத்தான். நாவலிலும் அப்படியே. பெரிய கருத்தைத் தேடிப் போகாதீர்கள். கண்ணில் படுகிற, கையால் தொட முடிகிற சின்னப் பொருளைத் தேடுங்கள்.

எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்

இது சின்ன வேலை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் விட்டுவிட்டால் பின்னால் வலிக்கும். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயர் இல்லாமல் மூன்று தொகுதிகளாக வந்தது. 1831-இல் மேரி ஷெல்லி அதைத் திருத்தி ஒரே தொகுதியாக வெளியிட்டார். இரண்டும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. விக்டர் மணந்துகொள்ளும் எலிசபெத், முதல் பதிப்பில் அவனுக்கு அத்தை மகள். திருத்திய பதிப்பில் அவள் அந்தக் குடும்பம் எடுத்து வளர்த்த பெண். அத்தியாய எண்களும் வேறு வேறு. 1818 பதிப்பில் ஒவ்வொரு தொகுதியிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். 1831 பதிப்பில் 24 அத்தியாயங்கள் தொடர்ச்சியாக ஓடும். கட்டுரையில் “பத்தாம் அத்தியாயம்” என்று எழுதினால் எந்தப் பதிப்பின் பத்து என்று படிப்பவருக்குத் தெரியவேண்டும். நான் இங்கே 1831 பதிப்பின் எண்களையே தருகிறேன்.

இன்னொன்று. சினிமா பார்த்துவிட்டு நாவலைப் பற்றி எழுதாதீர்கள். 1931-இல் வந்த புகழ்பெற்ற ஹாலிவுட் படத்தில் அந்த உருவம் பேசாது, உறுமும். நாவலில் அவன் பேச்சுத்தான் எல்லாரையும் அசைக்கிறது. படத்தை மனதில் வைத்து நாவலைப் படித்தால், நாவலின் மிக முக்கியமான விஷயம் கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டு முறை படியுங்கள், இரண்டாம் முறை பென்சிலோடு

முதல் முறை கதைக்காகப் படியுங்கள். கோடு போடாதீர்கள், குறிப்பு எடுக்காதீர்கள். எங்கே மனம் கலங்கியது, எங்கே சலித்தது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

இரண்டாம் முறை கையில் பென்சில் வேண்டும். “முக்கியமான இடம்” என்று தோன்றுகிற எல்லாவற்றுக்கும் கோடு போட்டால் பக்கம் முழுக்கக் கோடாகிவிடும், ஒன்றும் துலங்காது. திரும்பத் திரும்ப வருவதற்கு மட்டும் கோடு போடுங்கள். ஒரு பொருள், ஒரு சைகை, ஒரு சொல், ஒரு வகையான அறை, ஒரு வகையான வானிலை எதுவாகவும் இருக்கலாம். முதல் தடவை வரும்போது அது கதையில் ஒரு விவரம். இரண்டாம் தடவை வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். மூன்றாம் தடவை வந்தால் அதைத் தனித்தாளில் எழுதிவையுங்கள்.

என் பிரதியில் அப்படிக் கிடைத்தது ஒரு சைகை: கண்ணை மூடும் கை. அது வரும் இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். கட்டுரைக்கு வேண்டிய மூலப்பொருள் எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள்.

பத்தாம் அத்தியாயம். ஆல்ப்ஸ் மலையில் பனியாற்றின் மேல் விக்டரும் அவன் உண்டாக்கியவனும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். (பெயரில்லாத அந்தப் படைப்பைத்தான் இனி ‘அவன்’ என்கிறேன்.) “உன் உருவத்தை என் கண்முன்னால் இருந்து அகற்று” என்று விக்டர் கத்துகிறான். அவன் விலகிப் போகவில்லை. தன் கைகளால் விக்டரின் கண்களை மூடுகிறான். இதோ, நீ வெறுக்கும் காட்சியை அகற்றிவிட்டேன், இப்போதும் நீ கேட்கலாம் அல்லவா என்கிறான்.

பதினைந்தாம் அத்தியாயம். காட்டோரக் குடிசையில் ஒரு குடும்பம். மாதக்கணக்கில் ஒளிந்திருந்து அவர்களைப் பார்த்து, பேசவும் படிக்கவும் கற்றுக்கொண்டவன் அவன். மற்றவர்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில், வீட்டில் தனியாக இருக்கும் முதியவரிடம் போகிறான். முதியவருக்குக் கண் தெரியாது. உன் முகத்தை வைத்து என்னால் மதிப்பிட முடியாது, ஆனால் உன் பேச்சில் உண்மை தெரிகிறது என்கிறார் அவர். நாவல் முழுவதிலும் அவனை ஒரு மனிதன் மனிதனாக நடத்துவது அந்தச் சில நிமிடங்கள்தான். மற்றவர்கள் திரும்பி வருகிறார்கள், பார்க்கிறார்கள். ஒருத்தி மயங்கி விழுகிறாள், ஒருத்தி ஓடுகிறாள், மகன் தடியெடுத்து அடிக்கிறான்.

பதினாறாம் அத்தியாயம். அவன் ஒளிந்திருக்கும் இடத்தில் விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியம், எதிரே வருகிறான். குழந்தைக்கு வெறுப்புத் தெரியாது என்று நம்பி அவனைப் பிடிக்கிறான். பார்த்த கணத்தில் சிறுவன் தன் கைகளால் தன் கண்களை மூடிக்கொண்டு அலறுகிறான். அந்தக் கையை இவன் பலவந்தமாக விலக்குகிறான். உனக்குத் தீங்கு செய்ய மாட்டேன், நான் சொல்வதைக் கேள் என்கிறான். சிறுவன் கேட்கவில்லை. கொலையில் முடிகிறது.

கடைசி அத்தியாயம். கப்பலில் விக்டரின் உடலுக்கு அருகில் நிற்கும் அவனை, அந்தக் கப்பலின் தலைவன் வால்ட்டன் பார்க்கிறான். தன்னையறியாமல் கண்களை மூடிக்கொள்கிறான். அப்புறம், போகாதே, நில் என்று கூப்பிடுகிறான்.

இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏன் தெரியுமா? நாவல் சொல்லும் வரிசை வேறு, சம்பவங்கள் நடந்த வரிசை வேறு. வாசகர் பனியாற்றுச் சந்திப்பை முதலில் படிக்கிறார், முதியவரும் சிறுவனும் பின்னால்தான் வருகிறார்கள். ஆனால் நடந்தது என்று பார்த்தால் முதியவர் முதலில், சிறுவன் அடுத்து, விக்டர் அதற்கும் பிறகு. பார்வையில்லாத முதியவர் கேட்டார். கண்ணை மூடிய சிறுவனின் கையை விலக்கியதும் எல்லாம் கெட்டது. அதற்குப் பிறகு விக்டரைச் சந்திக்கும்போது இவனே கையை எடுத்து அவன் கண்ணை மூடுகிறான். பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அந்தக் கையில் இருக்கிறது. முதல் வாசிப்பில் இது தெரியவே தெரியாது. நிகழ்ச்சிகளைக் கால வரிசைப்படி ஒரு தாளில் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். எந்த நாவலுக்கும் இதைச் செய்யுங்கள். நாவலில் வரும் வரிசை ஒரு பத்தியில், நடந்த வரிசை பக்கத்துப் பத்தியில். இரண்டும் எங்கே பிசகுகிறதோ அங்கே பெரும்பாலும் ஏதாவது கிடைக்கும்.

மைய வாதத்தை மூன்று தடவையாவது எழுதுங்கள்

கட்டுரையின் உயிர் மைய வாதம். ஒன்றிரண்டு வாக்கியங்களில் இருக்கவேண்டும். அதை முதல் முயற்சியிலேயே சரியாக எழுதியவரை நான் பார்த்ததில்லை. அதனால் மோசமாக எழுதுவதற்குத் தயங்காதீர்கள்.

முதல் முயற்சி: “இந்த நாவலில் பார்வை முக்கியமான இடம் பெறுகிறது.”

இதை யாரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத வாக்கியம் வாதம் ஆகாது. படித்தவர் “சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாம் முயற்சி: “அவனைப் பார்ப்பவர்கள் வெறுக்கிறார்கள், பார்க்காமல் கேட்பவர்கள் ஏற்கிறார்கள். ஆகவே அரக்கத்தனம் பார்ப்பவர் கண்ணில்தான் இருக்கிறது என்கிறது நாவல்.”

இது எவ்வளவோ மேல். ஒருவர் இதோடு சண்டை போடலாம். பலரும் இங்கேயே நிறுத்திவிட்டு எழுதத் தொடங்குவார்கள். தேர்வறையில் நேரம் இல்லையென்றால் நானும் இதோடு எழுதிவிடச் சொல்வேன். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற கட்டுரை என்றால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் வாதத்துக்கு எதிரான இடங்களை நீங்களே தேடிப் போங்கள். எதிர்ச் சான்று கிடைத்தால் பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். கட்டுரை ஆழமாவது அங்கேதான். என் இரண்டாம் முயற்சிக்கு எதிராகக் கிடைத்தவை இவை.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவன் தெளிந்த குளத்தில் தன் உருவத்தைத் தானே பார்க்கிறான். திடுக்கிட்டுப் பின்வாங்குகிறான். அப்படியென்றால் வெறுப்பு மற்றவர் கண்ணில் மட்டும் இல்லை. அவனுடைய கண்ணும் அதையே சொல்கிறது.

பதினேழாம் அத்தியாயத்தில் விக்டர் முழுக் கதையையும் கேட்டுவிட்டான், மனம் இளகிவிட்டது. ஆறுதல் சொல்லக்கூட நினைக்கிறான். ஆனால் நிமிர்ந்து பார்த்ததும் மறுபடி குமட்டுகிறது. அதாவது கேட்டல் வெல்கிறது, ஆனால் நிலைப்பதில்லை.

கடைசி அத்தியாயத்தில் விக்டர் சாகும் முன் வால்ட்டனை எச்சரிக்கிறான்: அவன் நாவன்மை மிக்கவன், ஒரு காலத்தில் என் மனத்தையே அசைத்தவன், நம்பிவிடாதே. இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிர்ச் சான்று. முகம் ஏமாற்றும் என்றால் குரல் ஏமாற்றாதா? அவன் கைகளில் வில்லியமின் உயிர் இருக்கிறது, விக்டரின் நண்பன் கிளெர்வலின் உயிர் இருக்கிறது, எலிசபெத்தின் உயிர் இருக்கிறது. செய்யாத கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட, விக்டர் வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டினையும் சேர்க்கவேண்டும். இத்தனைக்கும் பிறகு அவன் சோகமாகப் பேசினால் நாம் இரங்கிவிடலாமா?

இவற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டு மூன்றாம் முயற்சி:

“இந்த நாவலில் அவன் பார்க்கப்படும்போது அரக்கன், கேட்கப்படும்போது மனிதன். ஆனால் கேட்டதால் வரும் இரக்கம் கண் திறந்ததும் கலைகிறது, அந்தக் குரலை நம்பலாமா என்ற ஐயமும் தீர்வதில்லை. அவன் முகத்தைக் காண முடியாத, குரலை மட்டும் கேட்கிற வாசகரை மேரி ஷெல்லி அந்தப் பார்வையற்ற முதியவரின் இடத்தில் உட்காரவைத்துத் தீர்ப்பை அவரிடம் விடுகிறார்.”

கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது? நாவலின் அமைப்பிலிருந்து. வால்ட்டன் தன் தமக்கைக்குக் கடிதம் எழுதுகிறான். அந்தக் கடிதத்துக்குள் விக்டர் தன் கதையைச் சொல்கிறான். விக்டரின் கதைக்குள் அவன் தன் கதையைச் சொல்கிறான். டப்பாவுக்குள் டப்பா போல, குரலுக்குள் குரல். நமக்குக் கிடைப்பது பேச்சு மட்டும். ஒரு கருத்தைக் கண்டுபிடித்த பிறகு “இந்த நாவல் சொல்லப்பட்டிருக்கும் விதம் இந்தக் கருத்துக்கு உதவுகிறதா?” என்று ஒருமுறை கேளுங்கள். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எவ்வளவு காலம் கழித்துச் சொல்கிறார் என்று பாருங்கள். நல்ல கட்டுரைக்கும் மிக நல்ல கட்டுரைக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இந்த ஒரு கேள்விதான்.

‘அவன்’ என்பதா, ‘அது’ என்பதா?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது தனிச் சிக்கல். விக்டர் உண்டாக்கிய உருவத்துக்குப் பெயர் கிடையாது. (ஃபிராங்கன்ஸ்டைன் என்பது விக்டரின் குடும்பப் பெயர். இதை மாற்றி எழுதினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் படிப்பவரின் நம்பிக்கை போய்விடும்.) ஆங்கிலத்தில் பிரதிப்பெயரை மட்டும் முடிவு செய்தால் போதும். தமிழில் வினைமுற்றும் திணை காட்டும். ‘வந்தான்’ என்றால் உயர்திணை, ‘வந்தது’ என்றால் அஃறிணை. நடுவில் நிற்க இடமில்லை. மனிதனா இல்லையா என்பதே கேள்வியாக இருக்கும் ஒரு நாவலைப் பற்றி எழுதும்போது, முதல் வினைமுற்றிலேயே நீங்கள் ஒரு பதில் சொல்லிவிடுகிறீர்கள்.

நான் ‘அவன்’ என்று எழுதுகிறேன். பேசுகிறான், படிக்கிறான், தன் செயலுக்கு வருந்துகிறான் என்பது என் காரணம். நீங்கள் ‘அது’ என்று எழுதலாம். எதுவானாலும் முன்னுரையில் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடைசிவரை மாறாமல் இருங்கள். விக்டர் பார்வையிலிருந்து சொல்லும் இடத்தில் மட்டும் வேண்டுமென்றே ‘அது’ என்று மாற்றினால், அதையும் காரணத்தோடு செய்யுங்கள். அறியாமல் மாறிப் போவதுதான் பிழை.

பத்தி எழுதுவது

ஒரு பத்தியை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். முதலாவது, வழக்கமாக வருவது:

“சிறுவன் வில்லியம் அவனைப் பார்த்துப் பயந்து அலறுகிறான். அவன் வில்லியமைக் கொன்றுவிடுகிறான். பிறகு வில்லியமின் கழுத்திலிருந்த படத்தை எடுத்துக்கொள்கிறான். அது ஜஸ்டினிடம் கிடைக்கிறது. அவள் தூக்கிலிடப்படுகிறாள். இதிலிருந்து தோற்றத்தைப் பார்த்து மனிதரை எடைபோடக்கூடாது என்று தெரிகிறது.”

எல்லாம் உண்மை. ஆனால் ஐந்து வாக்கியம் கதை, ஒரு வாக்கியம் நீதி. இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. அதே காட்சி, வாதத்தோடு:

“கண்ணை மூடுவது கேட்பதற்கு உதவும் என்றுதான் இதுவரை தோன்றியது. வில்லியம் அதைப் பொய்யாக்குகிறான். சிறுவன் கண்ணை மூடிக்கொள்வது பார்த்த பிறகு, அலறியபடி. அந்தக் கை அவனுக்குக் கேட்க உதவும் கையாக இல்லை, ஓடி ஒளியும் இடமாக இருக்கிறது. அதைப் பலவந்தமாக விலக்கிவிட்டு ‘நான் சொல்வதைக் கேள்’ என்கிறான் இவன். கேட்கச் சொல்லும் அந்த நேரத்தில்தான் தன் முகத்தைப் பார்க்கவும் கட்டாயப்படுத்துகிறான். முதியவரிடம் தானாகக் கிடைத்ததைச் சிறுவனிடம் வலுவாகப் பிடுங்க முயல்கிறான். அந்த வலு கழுத்துக்குப் போகிறது.”

இரண்டாவதில் கதை ஏறக்குறைய இல்லை. வாசகருக்குக் கதை தெரியும் என்று நம்பி எழுதியது. முதல் வாக்கியம் முந்தைய பத்தியோடு தொடர்பு வைத்துக்கொண்டு ஒரு திருப்பம் தருகிறது. நடுவில் ஒரே ஒரு சைகையையும் ஒரே ஒரு மேற்கோளையும் பிடித்துக்கொண்டு அவற்றிலிருந்து பொருள் எடுக்கிறது. உங்கள் பத்தி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கதை சொல்லும் வாக்கியங்களுக்குக் கீழே நீலக் கோடு, உங்கள் கருத்தைச் சொல்லும் வாக்கியங்களுக்குக் கீழே சிவப்புக் கோடு போடுங்கள். நீலம் அதிகமாக இருந்தால் பத்தியைத் திரும்ப எழுதுங்கள். சிவப்பு மட்டுமே இருந்தால் சான்று இல்லை என்று பொருள்.

பத்திகளின் வரிசையும் வாதத்தின் வரிசையாக இருக்கட்டும். கதை நடக்கும் வரிசையில் பத்திகளை அடுக்கினால் கட்டுரை தானாகக் கதைச்சுருக்கமாக வழுக்கிவிடும். என் வரிசை இப்படி இருக்கும்: முதலில் முதியவர், அதுதான் வாதத்தின் தெளிவான உதாரணம். அடுத்து வில்லியமும் பனியாற்றுச் சந்திப்பும் பக்கத்தில் பக்கத்தில், கால வரிசையைத் திருப்பிக் காட்டி. அதற்குப் பிறகு குளம், விக்டரின் குமட்டல், நாவன்மை பற்றிய எச்சரிக்கை என்று எதிர்ச் சான்றுகள். கடைசியில் வால்ட்டன், அவனோடு வாசகர். இந்த வரிசையில் அத்தியாய எண் முன்னும் பின்னும் போகிறது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

மேற்கோள்

சின்னதாக எடுங்கள். நான்கு வரி மேற்கோள் போட்டால் அந்த நான்கு வரியையும் நீங்கள் பேசவேண்டும். பேசப்போகும் சொற்களை மட்டும் எடுங்கள். யார், யாரிடம், எந்த நிலையில் சொல்கிறார் என்று மேற்கோளுக்கு முன்னால் அரை வாக்கியம் போதும். மேற்கோளுக்குப் பிறகு அதிலுள்ள ஒரு சொல்லையாவது தொட்டுப் பேசுங்கள். பேசாமல் அடுத்த பத்திக்குப் போனால் அந்த மேற்கோள் சுவரில் மாட்டிய படம்போல் தனியாகத் தொங்கும்.

ஆங்கில மூலத்தைப் படித்துத் தமிழில் எழுதுகிறீர்கள் என்றால், மொழிபெயர்ப்பு உங்களுடையதா பிறருடையதா என்று சொல்லிவிடுங்கள். மொழிபெயர்க்கும்போது தமிழ்ச் சொல் புதிய பொருளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும், அதில் கவனம் வேண்டும். ‘கேள்’ என்ற சொல்லையே பாருங்கள். செவிகொடு என்றும் பொருள், வேண்டு என்றும் பொருள், பழைய தமிழில் உறவு என்றும் பொருள். யாவரும் கேளிர் என்கிறோமே, அந்தக் கேள். அவன் செவி வேண்டுகிறான், துணையைக் கேட்கிறான், உறவுக்கு ஏங்குகிறான். மூன்றும் ஒரே சொல்லில் வந்து நிற்பதைப் பார்த்தால் எழுதிவிடத் தோன்றும். எழுதுங்கள், ஆனால் இது தமிழ் நமக்குத் தரும் வெளிச்சம் என்று சொல்லி எழுதுங்கள். மேரி ஷெல்லியின் சொல்லில் அது இல்லை. அவருடைய நோக்கத்துக்கு அதைச் சான்றாக்க முடியாது.

ஆசிரியர் வாழ்க்கையும் அப்படித்தான். 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில், நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பேசிக்கொண்டதில் இந்தக் கதை தொடங்கியது, அப்போது மேரிக்கு வயது 18. சுவையான செய்தி. ஆனால் உங்கள் வாதத்துக்கு உதவாவிட்டால் முன்னுரையில் அதை வைக்காதீர்கள். பெயரில்லாமல் நாவல் வெளிவந்ததை, முகமில்லாத குரல் என்று இந்த வாதத்தோடு இணைக்க எனக்கே ஆசையாக இருக்கிறது. அழகான ஒப்புமைதான். ஆனால் பெயரில்லாமல் நூல் வெளியிடுவது அந்தக் காலத்தில் பெண்களிடையே சாதாரண வழக்கம். அதனால் அதைச் சான்று என்று வைக்கமாட்டேன்.

முன்னுரை, முடிவுரை

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். என்ன சொல்லப் போகிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரியும். “இலக்கியம் காலத்தின் கண்ணாடி” போன்ற பொது வாக்கியங்களில் தொடங்காதீர்கள், எந்த நாவலுக்கும் பொருந்துகிற வாக்கியம் எந்த நாவலையும் பேசுவதில்லை. நாவலில் ஒரு காட்சியிலேயே நேராக இறங்குங்கள். நான் என்றால் “பனியாற்றின் மேல் ஓர் உருவம் தன்னைப் படைத்தவனின் கண்களைத் தன் கைகளால் மூடுகிறது” என்று தொடங்குவேன். அடுத்த சில வாக்கியங்களில் கேள்வி, கடைசியில் மைய வாதம். முன்னுரை அவ்வளவுதான். (மேலே ‘மூடுகிறது’ என்று வந்திருப்பதைக் கவனித்தீர்களா? எழுவாய் ‘உருவம்’ என்பதால் அஃறிணை வினை வந்துவிட்டது. ‘அவன்’ என்று முடிவு செய்துவிட்டால் இந்த வாக்கியத்தையும் மாற்றவேண்டும். இப்படித்தான் அறியாமல் நழுவும்.)

முடிவுரையில் சொன்னதையே மறுபடி சொல்லத் தேவையில்லை. இதுவரை தொடாமல் வைத்திருந்த ஒரு சின்ன இடத்தை அங்கே கொண்டுவாருங்கள். கடைசிப் பக்கத்தில் அவன் பனிக்கட்டி மேல் ஏறி, அலைகளால் இழுபட்டு, இருட்டில் தொலைவில் மறைகிறான். வால்ட்டனின் கண் அவனைத் தொடர முடியாமல் போகிறது. பார்வை தோற்றுப்போகும் இடத்தில் நாவல் நிற்கிறது. எனக்குக் கிடைத்த முடிவுரை அது. உங்கள் நாவலின் கடைசிப் பக்கத்தையும் உங்கள் வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள்.

எழுதி முடித்து ஒரு நாளாவது கழித்து உரக்கப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் வாக்கியம் நீளமாக இருக்கும், அல்லது நீங்களே நம்பாத ஒன்றைச் சொல்லியிருப்பீர்கள். “சிறப்பாக”, “அழகாக”, “ஆழமாக” என்று ஆசிரியரைப் பாராட்டும் சொற்களை அடித்துவிடுங்கள். எப்படி என்று நீங்கள் ஏற்கனவே காட்டிவிட்டீர்கள். பெயர்கள் எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றனவா, அத்தியாய எண்கள் சரியா என்று ஒரு தடவை புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

தலைப்பை எல்லாம் முடிந்த பிறகு வையுங்கள். “ஃபிராங்கன்ஸ்டைன் நாவலில் தனிமை” என்று வைத்தால் நூறு கட்டுரைகளுக்கு நடுவில் அதுவும் ஒன்று. என் தாளின் மேல், முதலில் எழுதியதை அடித்துவிட்டு, “கண்ணை மூடும் கைகள்” என்று எழுதியிருக்கிறேன்.